ஐயாத்துரை அனுப்பாத குறுஞ்செய்தி

அத்தியாயம் 14

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக முதலில் நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மலேசியாவில் ஈப்போ ஐயாத்துரை வீட்டுப் பெண் மாதுமைக்கும், சுங்காய் ராமையா வீட்டுப் பையன் ஷர்வினுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுவதாகப் பேச்சு. ஐயாத்துரை யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி; ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேர் எழுதியவர். ராமையாவின் அப்பா அதே மாதிரி ஒரு தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம் சீவி, வரிசையில் நின்று பேர் கொடுத்தவர். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் விடாமல் நின்றதால் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள்.

இறங்கி வந்த நேரத்தில்தான் செவ்வாய்க்கிழமை ராமையாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மேலே ஐயாத்துரையின் பெயர். கீழே இப்படி:

"ஞாயிறு தட்டு மாற்ற வர வேண்டாம். நன்றாக யோசித்துவிட்டோம். இரண்டு குடும்பத்துக்கும் ஒத்துவராது. இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்."

ராமையா அன்று சாயங்காலமே போன் போட்டு ஐயாத்துரையைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நடுவில் போனை வாங்கிய ஐயாத்துரையின் மனைவி புஷ்பராணிக்கும் விழுந்தது. "நான் அப்படி ஒரு செய்தி அனுப்பவேயில்லை" என்று ஐயாத்துரை கோயிலைச் சொல்லிச் சத்தியம் செய்ததை ராமையா காதில் வாங்கவில்லை. நாலு நாளாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்று சனிக்கிழமை. நாளைக்குத் தட்டு.

காலை ஏழரை மணிக்கு ஐயாத்துரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரிந்திருந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்து, கையளவு பெரிது.

'உங்கள் பெயரில், உங்களுக்கே தெரியாமல் செய்தி போகலாம்!'

பக்கத்தில் ஒரு படம். முகத்தை மூடித் தொப்பிச்சட்டை போட்ட ஒருவன் கணினிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். இந்த மாதிரிச் செய்திக்கு எந்தப் பத்திரிகையும் இவனைத்தான் கூப்பிடுகிறது. ஈப்போ வெயிலில் அந்தச் சட்டையோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அவனே போலீசுக்குப் போன் செய்து சரணடைந்துவிடுவான்.

"புஷ்பம், இஞ்ச வாரும்! இஞ்ச ஓடி வாரும்!" என்று ஐயாத்துரை கத்தினார்.

புஷ்பராணி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓடி வருகிற வழக்கம் கிடையாது.

"வாசியும் இதை. போனில ஒரு ஓட்டை இருக்காம். ஒருத்தன்ர நம்பரைப் போட்டு இன்னொருத்தன் செய்தி அனுப்பலாமாம். வாங்கிறவன்ர போன் அதை நம்பி, அந்த ஆள்ர பேரையே காட்டுமாம். நான் செவ்வாய்க்கிழமை தொடக்கம் என்ன சொன்னனான்?"

"அனுப்பேல்லை எண்டு சொன்னீங்கள்."

"ஆர் நம்பினது?"

புஷ்பராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுச் செய்தியையும் படித்தார். கடைசி வரிவரை படித்துவிட்டு, "அப்ப ஆர் வேணுமெண்டாலும் அனுப்பியிருக்கலாம்" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

ஐயாத்துரைக்கு இன்னொரு ஆதாரமும் இருந்தது. அவர் பொதுப்பணி இலாகாவில் தலைமை எழுத்தராக இருந்தவர். இப்போது கோயில் செயலாளர். எண் போடாமல் ஒரு கடுதாசி வெளியே போனால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. போனில் அனுப்புகிற செய்திக்கும் முதலில் எண் உண்டு. 'எண் 98: வரும்போது தயிர் வாங்கவும்' என்று மனைவிக்கே அனுப்பியவர். ராமையாவுக்கு வந்த செய்தியில் எண் இல்லை. அதை அவர் செவ்வாய்க்கிழமை அன்றே எடுத்துச் சொன்னார். ராமையாவுக்கு இருந்த கோபத்தில் எண்ணாவது எழுத்தாவது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாதுமை செய்தியைப் படம் பிடித்து ஷர்வினுக்கு அனுப்பினாள். மருந்தாளர் வேலை. எதையும் இரண்டு முறை பார்த்துத்தான் கொடுப்பாள். இதை ஒரு முறைதான் பார்த்தாள்.

"இதுதானே நடந்திருக்கு? சொல்லு ஷர்வின், இதுதானே?" என்று கூடவே எழுதினாள்.

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "இருக்கலாம். பாத்தாத்தான் சொல்ல முடியும்."

ஷர்வின் நகர மையத்தில் ஒரு பழைய வணிக வளாகத்தில் போன் பழுது பார்க்கிறான். அன்று கடை திறக்குமுன்பே ஒன்பது பேர் நின்றார்கள். வானொலியும் காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அதற்குக் கை கால் முளைத்து, 'இன்று மாலை ஆறு மணிக்குமேல் எந்தச் செய்தியையும் திறக்காதீர்கள், திறந்தால் போன் வெடிக்கும்' என்று ஒரு பெயரில்லாத டாக்டர் எச்சரித்திருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இப்போது பேய் வீட்டுக்கு வீடு இலவசமாக வந்து சேர்கிறது.

முதலாளி அர்ச்சுனன் விவரமானவர். அதற்குள் ஓர் அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்: 'எஸ்.எம்.எஸ். கிருமி நீக்கம் இங்கே செய்யப்படும்.'

"என்னாண்ணே இது?" என்றான் ஷர்வின்.

"கேக்குறாங்கல்ல. கேக்குறவங்களுக்கு இல்லன்னு சொல்லக்கூடாது."

வரிசையில் முதல் ஆள் கருப்பம்மாள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்கிற கடலை வகைகளை வறுத்து விற்கிறவர். போனை ஒரு ரொட்டி டின்னில் போட்டு, மூடிக்கு மேல் ரப்பர் வளையமும் மாட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, தொடவே பயமா இருக்குலா. நேத்து ரெண்டு மெசேஜ் வந்துச்சு. உள்ள புகுந்துருச்சா பாரு. நல்லா கழுவிக் குடுத்துரு."

ஷர்வின் டின்னைத் திறந்து பார்த்தான். ஒன்று அவருடைய மகள் அனுப்பியது. இன்னொன்று பல் ஆஸ்பத்திரியில் இருந்து.

"ஒண்ணும் புகலம்மா. பேப்பர்ல போட்டது பொய்யில்ல. ஆனா அவங்க போட்ட சத்தம் ஜாஸ்தி. கடுதாசி உறைக்குப் பின்னாடி அனுப்புனவங்க பேர யாரு வேணா எழுதலாம்லா? போஸ்ட்மேன் அதச் சரி பாக்குறதில்ல. போனும் அப்படித்தான். மேல எழுதுன பேர நம்பிரும்."

"அப்போ கழுவ வேணாமா?"

"வேணாம். லிங்க் அமுக்கச் சொன்னா அமுக்காதீங்க. தெரிஞ்சவங்க பேர்ல ஏடாகூடமா ஏதாச்சும் வந்தா, போன் போட்டு வாயால கேளுங்க. அவ்ளோதான்."

கருப்பம்மாள் நம்பாமல் டின்னை மூடினார். பிறகு யோசித்து, போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, டின்னை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"வர்ற லட்சுமிய வெளிய அனுப்பிட்டு நீயே கதவச் சாத்துறடா" என்று அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து வந்த எட்டுப் பேருக்கும் ஷர்வின் அதே போஸ்ட்மேன் கதையைத்தான் சொன்னான். அவன் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. போனுக்கு என்ன என்று அவனுக்குத்தான் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தச் சௌகரியத்தை அவன் இதுவரை ஒரு தடவைகூடப் பயன்படுத்திக்கொண்டதில்லை.

பதினொன்றரை மணிக்கு ஐயாத்துரை கூப்பிட்டார்.

"தம்பி, நீர் வந்து என்ர போனைச் சோதிச்சுப் போட்டு உங்கட அப்பாவிட்ட ஒரு வார்த்தை சொல்லும். பேப்பரை அனுப்பினனான், அவர் பதிலே போடேல்லை."

"ரெண்டு மணிக்கு வாரேன் அங்கிள்."

பிறகு ஷர்வின் சுங்காய்க்குப் போன் போட்டான். ராமையாவுக்கு அன்று ஓய்வு. ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல். தோட்டத்தில் கித்தா மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டு, குடியிருந்த லயத்தை உடைத்த பிறகு அவர் தேடிக்கொண்டது.

"பேப்பர் பாத்தியாப்பா?"

"பாத்தேன். பேப்பர்ல போடுவான்டா. போன வாரம் கோழி முட்டை திங்காதேன்னு போட்டான், இந்த வாரம் தின்னுங்கன்னு போடுறான்."

"அப்படி நடக்க வாய்ப்பு இருக்குப்பா."

ராமையாவுக்குப் பின்னால் அவர் மனைவி பாப்பா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"நீ போய்ப் பாக்குறியா?"

"ரெண்டு மணிக்குப் போறேன்."

"சரி. நீ பாத்துட்டு, அவங்க வீட்லருந்து அது வரலன்னு சொல்லு. நீ சொன்னா நான் நம்புறேன். நாளைக்குத் தட்டோட வாரேன். அதுக்கு முன்னாடி இன்னிக்கே வந்து, பேசுனதுக்கு மன்னிப்பும் கேட்டுர்றேன். ஆனா அங்கருந்துதான் வந்துச்சுன்னா, அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். நீ கட்டிக்கிறதுனா கட்டிக்க. நான் வர மாட்டேன்."

"அப்பா..."

"நீ பாத்துட்டுச் சொல்லுய்யா. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்."

பையன் மடியில் மொத்தப் பாரத்தையும் வைத்துவிட்டு அவர் போனை வைத்தார்.

இரண்டு மணிக்கு ஐயாத்துரை வீட்டு வாசலில் மாதுமை நின்றாள். அரைநாள் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"பேப்பர்ல இருக்கிறதுதானே?" என்றாள் மறுபடி.

"உள்ள போய்ப் பாப்போம்."

"எனக்கு நாளைக்குத் தட்டு மாத்தியாகணும் ஷர்வின். நாளைக்கு நிண்டுபோச்செண்டா இது இனி நடக்காது. எங்கட ஆக்களை எனக்குத் தெரியும்."

அவனுக்கும் தெரியும். அவனுடைய ஆட்களையும் தெரியும்.

ஐயாத்துரை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார். போன், வெட்டி ஒட்டிய செய்தித்தாள், கடவுச்சொற்கள் எழுதிய ஒரு சின்னப் புத்தகம். போனில் அந்தச் செய்தி இல்லை. அனுப்பிய செய்திகளின் பட்டியலில் எண் 109 இருந்தது, 110 இருந்தது, 111 இருந்தது. செவ்வாய்க்கிழமை ராமையாவுக்குப் போனது ஒன்றும் இல்லை.

"பார்த்தீரே! ஒண்டும் இல்லை."

"போன்லருந்து அழிச்சிட்டா இருக்காது அங்கிள். கம்பெனி ஆப்ல பாக்கணும். உங்க லைன்ல வெளிய போன ஒவ்வொரு காலும் மெசேஜும் அதுல இருக்கும். வெளியாளு உங்க நம்பர மட்டும் போட்டு அனுப்பியிருந்தா அது உங்க லைன்ல போயிருக்காது. அதுல வராது."

"அப்ப அதையும் திறந்து பாரும். எனக்கு என்ன பயம்? செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணி தொடக்கம் ஒரு மணி மட்டும் நான் கோயிலில கூட்டத்தில இருந்தனான். போன் இஞ்ச அறைக்குள்ள சார்ஜில கிடந்தது. கையில போனே இல்லாத மனுசன் எப்பிடிச் செய்தி அனுப்பிறது?"

அவர் தனக்குச் சாதகமாகத்தான் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, கோயில் கூட்டக் குறிப்பை எடுத்து வந்து காட்டுகிறேன் என்று உள்ளே போனார். மாதுமை அவருக்குத் தேடிக் கொடுக்கப் பின்னால் போனாள்.

ஷர்வின் ஆப்பைத் திறந்தான். சின்னப் புத்தகத்தைப் பார்த்துக் கடவுச்சொல்லைப் போட்டான். செவ்வாய்க்கிழமைக்கு இறங்கினான்.

காலை 11.42. குறுஞ்செய்தி, ஒன்று. பக்கத்தில் அவனுடைய அப்பாவின் நம்பர்.

அவன் அதை மூன்று முறை பார்த்தான். அவனுக்கு மனப்பாடமான நம்பர். தப்பாகப் படிக்க வழியில்லை. செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஐயாத்துரை கோயிலில். மாதுமை வேலையில். வீட்டில் இருந்தது ஒரே ஒருவர்.

அந்த ஒருவர் தேநீரோடு வந்து நின்றார். புஷ்பராணி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, அவன் கையில் இருந்த திரையைப் பார்த்தார். கணக்கு டீச்சருக்கு ஒரு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

"என்ன காட்டுது?" என்றார் மெதுவாக.

"காட்ட வேண்டியதக் காட்டுது ஆன்ட்டி."

"அவரிட்டச் சொல்லப் போறீரோ?"

அந்த நேரத்தில் ஷர்வினுக்குக் கோபம் வந்தது உண்மை. அப்பாவும் அம்மாவும் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த அம்மாள் அதையெல்லாம் தெரிந்துகொண்டே, காலையில் அந்தப் பேப்பரையும் படித்துவிட்டு, இப்போது தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார். கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. உள்ளே மாதுமை, "அப்பா, இஞ்ச இருக்கு, இந்தக் கோப்பில" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் நாலு நாளுக்குப் பிறகு கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

அவன் ஆப்பை மூடினான்.

"எனக்கு மாதுமை வேணும் ஆன்ட்டி. வேற ஒண்ணும் வேணாம்."

ஐயாத்துரை கூட்டக் குறிப்போடு வந்தார்.

"என்ன தம்பி?"

"உங்க லைன்ல போகல அங்கிள். வெளியாளு எவனோ செஞ்ச வேலை. பேப்பர்ல போட்டதுதான்."

இரண்டு வாக்கியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவ்வளவு போதுமாக இருந்தது. ஐயாத்துரை நாற்காலியில் சாய்ந்து, "முருகா" என்றார். மாதுமை எல்லோருக்கும் முன்னாலேயே ஷர்வினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அது வழக்கமில்லை.

வாசலுக்கு வந்து அவன் அப்பாவைக் கூப்பிட்டான்.

"பாத்துட்டேன்ப்பா. அவங்க வீட்லருந்து போகல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வெளியாளா?"

"ஆமாப்பா."

"அடப் பாவமே" என்றார் ராமையா. "அந்த மனுசன நான் என்னென்ன பேசிட்டேன். பாப்பா, சேலை மாத்து. கிளம்பு."

சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாலு மணிக்கு ராமையாவின் பழைய வாஜா கார் வந்து நின்றது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாப்பா கையில் ஒரு சீப்புப் பிசாங் மாஸ் வாழைப்பழம். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறவர். எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார்.

"வாங்கோ வாங்கோ, இருங்கோ" என்றார் ஐயாத்துரை.

ராமையா உட்காரவில்லை.

"உக்காரத்தான் போறேன் சார். அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதச் சொல்லிர்றேன். செவ்வாக்கிழமை கோவத்துல கண்ணு தெரியல. கிராணிப் புத்தின்னு சொல்லிட்டேன். உங்கப்பாவ வேற இழுத்துட்டேன். தப்பு."

"விடுங்கோ, விடுங்கோ. நானும் சத்தம் போட்டனான்தானே."

"நீங்க ஆம்பள, பதிலுக்குப் பேசிட்டீங்க. டீச்சரம்மா ஒண்ணும் பேசல." ராமையா புஷ்பராணி பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் படிச்சு என்னா பிரயோசனம், மனுசனா இருக்கத் தெரியலன்னு உங்களப் பாத்துச் சொன்னேன். நீங்க செய்யாத காரியத்துக்கு. அத நெனச்சா எனக்கு வர்ற வழியெல்லாம் மனசே சரியில்ல."

அவர் இரண்டு கையையும் குவித்தார். முப்பது வருடம் தோட்டத்தில் மரம் சீவ உளி பிடித்த கை, விரல்கள் முழுதாக நீளாது. குவித்த கையோடு தலையையும் தாழ்த்தினார்.

"மன்னிச்சிருங்க டீச்சரம்மா."

ஷர்வின் சுவரைப் பார்த்தான். அப்பா யாரையும் கும்பிட்டு அவன் பார்த்ததில்லை. கோயிலில் மட்டும் பார்த்திருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அம்மா அடிக்கடி சொல்வார். அது கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கையை இறக்குங்கோ" என்றார் புஷ்பராணி.

"நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கையை இறக்குங்கோ ராமையா. நான்தான் அனுப்பினது."

ஐயாத்துரைதான் முதலில் பேசினார்.

"என்னப்பா விசர்க் கதை கதைக்கிறீர்? அது வெளியால இருந்து... பேப்பரில... தம்பி பார்த்துச் சொன்னவர்தானே."

"பேப்பரில வந்ததும் இதுவும் வேற. நீங்கள் கோயிலுக்குப் போன நேரம், உங்கட போனை எடுத்து நான் அனுப்பினனான். அனுப்பிப்போட்டு அழிச்சனான்." "தம்பிக்கும் தெரியும். கம்பெனிக் கணக்கில பார்த்தவர். பார்த்தும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. நல்ல பிள்ளை."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பாராட்டு ஒரு சுற்று சுற்றி ராமையாவின் மேல் போய் விழுந்தது.

ராமையா கையை இறக்கினார். புஷ்பராணியைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டேகாலுக்கு."

"எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிப்பா."

"அப்பா, இந்தக் கலியாணம் நின்னுடக்கூடாதுன்னுதான்..." என்று அவன் தொடங்கினான். ராமையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த மெசேஜ் என்னைய ஒண்ணும் பண்ணலடா. ஒரு வீட்டுக்காரங்களுக்கு நம்மளப் புடிக்கல, எழுதிட்டாங்க. எத்தனையோ பேருக்கு நம்மளப் புடிக்கல, அதோடதான் இத்தனை வருசம் இருந்தேன்." அவர் சத்தம் போடவில்லை. "இன்னிக்கு என்னைக் கும்பிட வச்சது அவங்க இல்ல. நீ."

ஷர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து முன்பின் தெரியாத ஒன்பது பேருக்கு உண்மையைச் சொன்னவன், சொந்த அப்பாவுக்குப் பொய் சொன்னான். அவன் சொன்னால் மட்டும் நம்புவேன் என்றவருக்கு.

"பாப்பா, வா" என்று சொல்லிவிட்டு ராமையா வெளியே போனார். காரின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

பாப்பா போகவில்லை. இதுவரை அந்த வீட்டில் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிராதவர், வாழைப்பழச் சீப்பை மேசையில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்களும் உக்காருங்க. கால் வலிக்கும்."

புஷ்பராணி உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க வீட்ல எதப் பாத்து அப்படி எழுதுனீங்க? பையன் குடிக்கிறானா, எங்க வீட்டுக்காரரு மோசமா, நான் சுத்தமில்லையா? பாத்ததச் சொல்லுங்க. சரியா இருந்தா ஒத்துக்கிட்டுப் போயிர்றேன்."

மாதுமை அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"ஒண்டும் பார்க்கேல்லை" என்றார் புஷ்பராணி. "நீங்கள் வீடு பார்க்க வரச்சொல்லி ரெண்டு தரம் கூப்பிட்டீங்கள். முழங்கால் நோ எண்டு சொல்லி இவரை மட்டும் அனுப்பினனான். எனக்கு முழங்கால் நோவே இல்லை. தோட்டத்து ஆக்கள் வீடு எப்பிடி இருக்கும் எண்டு நானாவே நினைச்சுக்கொண்டு எழுதினனான். பாப்பா, நான் உங்கட வீட்டைப் பார்த்ததே இல்லை."

சொல்லிவிட்டு அவர் அழுதார். ஐயாத்துரை என்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளை மடித்தார்.

பாப்பா அழவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப வாங்க."

"எங்க?"

"சுங்காய்க்கு. கார் வெளியதான நிக்கிது. அவரும் அதுலதான் உக்காந்திருக்காரு. மொறைப்பாரு, மொறைக்கட்டும்லா. வந்து வீட்டப் பாருங்க, அடுப்படியப் பாருங்க, ஒரு வாய் சாப்புடுங்க. பாத்துட்டு, ஒத்துவராதுன்னு தோணுச்சுன்னா அங்கயே என் முன்னாடி உக்காந்து எழுதுங்க. நாளைக்குத் தட்டு வேணுமா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம்."

"அவர் என்னைக் காரில ஏத்துவாரோ?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. வாங்க, கேட்டுப் பாப்போம்."

வெளியே ராமையா ஹாரன் அடித்தார். ஷர்வின் எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தான். "நீ இங்கயே இரு" என்றார் பாப்பா.

புஷ்பராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாசலில் தன் செருப்பைத் தேடினார்.